ஆங்கில இலக்கணப் பயிற்சியில் தமிழ் இலக்கணத்தின் இடம்: தடா எல்லைப்பகுதியை முன்வைத்து

முன்னுரை

தாய்மொழியைக் குழந்தை கேட்டுப் பெறுகின்றது. பிறமொழியைப் பயின்று பெறுகின்றது. பயில்வோன் வெற்றிடத்தில் நின்று பயில்வதில்லை. அவனிடம் முன்பே ஓர் இலக்கணம் உள்ளது. அதன் பெயர்களை அவன் அறியாதிருக்கலாம். ஆயினும் அவ்விலக்கணமே அவன் கேட்கும் புதிய தொடர் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கின்றது. இவ்வுண்மை ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களில் எவ்வளவு மதிக்கப்பெற்றுள்ளது என்னும் வினா, ஆங்கிலத் துறையினர்க்கு மட்டுமன்றித் தமிழ்த் துறையினர்க்கும் உரியதாகும்.

தமிழர்க்கு ஆங்கில இலக்கணமும் சொல்லும் பயிற்றப்பெறும் முறைகளை மதிப்பிடுவதும், அப்பயிற்சியில் தமிழ் இலக்கண மரபு எவ்விடத்தைப் பெறத்தக்கது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்களமாகத் தடா என்னும் எல்லையூர் கொள்ளப்பெறுகின்றது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குவதாலும், ஆங்கிலம் இங்குப் பிழைப்புக்குரிய மொழியாக வளர்ந்துவருவதாலும் இக்களம் பொருத்தமுடையதாகின்றது.

தடாவும் அதன் மொழிச்சூழலும்

தடா, சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், தமிழக எல்லையைக் கடந்தவுடன் அமைந்துள்ள ஊர். தெற்கே ஆரம்பாக்கம் தமிழ்நாட்டைச் சார்ந்தது. வடக்கே சூளூர்ப்பேட்டை ஆந்திரத்தைச் சார்ந்தது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் உருவானபொழுது அதன் பகுதியாயிற்று.

இப்பகுதியில் மாநில எல்லை வரையப்பெற்ற காலம் அண்மையது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்தோடு இணைந்தது. கோடு மாறியதேயன்றி மக்களின் நாவில் வழங்கிய மொழி ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆதலின் எல்லையின் இருபுறத்தும் இருமொழியாளர் வாழ்கின்றனர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கு இடையே ஒரே பிள்ளை நாளும் நடமாடவேண்டிய நிலை இங்கு இயல்பானது.

2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டித் தொழில்நகரம் சத்தியவேடு, தடா வட்டாரத்தின் வாழ்க்கையை மாற்றியது. உந்துவண்டி, தொடர்வண்டிப் பெட்டி, தின்பண்டம் எனப் பலதுறை ஆலைகள் அங்கு இயங்குகின்றன. ஆலையின் அறிவிப்புப் பலகை, எந்திரக் கையேடு, பணிநேரப் பட்டியல் ஆகியவற்றில் ஆங்கிலம் முதன்மை பெறுகின்றது. ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலேயே ஆங்கிலவழிக் கல்வியைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்ததும், 2020 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியதும் நாடறிந்தவை. அவ்வழக்கில் பேசப்பெற்றது பயிற்றுமொழி எதுவென்னும் வினா. ஆங்கிலத்தை ஒரு பாடமாகவேனும் எவ்வாறு பயிற்றுவது என்னும் வினா அதனினும் அடிப்படையானது. அது போதிய அளவு பேசப்பெறவில்லை.

ஆங்கிலேயர் தமிழும் தெலுங்கும் கற்ற முறை

தமிழர் ஆங்கிலம் கற்ற முறையை மதிப்பிடுவதற்கு முன், ஐரோப்பியர் தமிழ் கற்ற முறையை நோக்குதல் வேண்டும். சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. இலத்தீன் இலக்கணச் சட்டகத்துள் தமிழைப் பொருத்திக் காட்டும் முயற்சியாக அது அமைந்தது. அடுத்து வந்த வீரமாமுனிவர் 1728இல் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தமிழ் இலக்கண மரபுக்குள் நின்று தொன்னூல் விளக்கம் எழுதும் அளவு அம்மரபை உட்கொண்டவர் அவர். எனவே கற்பவனின் மொழி, கற்கப்படும் மொழி ஆகிய இரண்டின் இலக்கணங்களையும் அவரால் எதிரெதிரே வைத்து நோக்க முடிந்தது.

1812இல் எல்லிசின் முயற்சியால் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றியது. கும்பினி அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைப் பயிற்றுவதே அதன் பணி. அங்குத் தமிழும் தெலுங்கும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலப்பெற்றன. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816இல் வெளிவந்தபொழுது, தெலுங்கு வடமொழியின் வழித்தோன்றல் அன்று, தமிழோடும் கன்னடத்தோடும் ஒருகுடிப் பிறந்தது என்னும் கருத்தை நிறுவும் எல்லிசின் குறிப்பு அதன் முகப்பில் இடம்பெற்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே இக்கருத்து அச்சேறிவிட்டது. திராவிட மொழிக்குடும்பம் பற்றிய இவ்வறிவு மொழி பயிற்றும் வகுப்பறையை ஒட்டி விளைந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. இரு மொழிகளையும் ஒருங்கே கற்பித்தவர்க்கு அவற்றின் ஒற்றுமை கண்ணில் பட்டது. அவ்வொற்றுமை கற்பித்தலை எளிதாக்கியது.

இப்போக்கு தொடர்ந்தது. ஜி.யு. போப்பின் தமிழ்க் கைந்நூல் 1855இல் வெளிவந்தது. ஆர்டன் 1873இல் தெலுங்குக்கும் 1891இல் தமிழுக்கும் படிமுறை இலக்கணங்கள் எழுதினார். ஒருவரே இரு மொழிக்கும் ஒரே திட்டத்தில் நூல் செய்ய முடிந்தமைக்கு அம்மொழிகளின் ஒத்த அமைப்பே காரணம். ஆங்கிலத்தில் உள்ள இணைப்புப் பதிற்பெயர் தமிழில் இல்லை, அதன் பணியைப் பெயரெச்சம் செய்கின்றது என்பன போன்ற வேறுபாடுகளை எடுத்தோதுவதே இத்தகைய நூல்களின் வலிமை எனலாம்.

தமிழர் ஆங்கிலம் கற்ற முறை

எதிர்த்திசைப் பயணத்தில் இத்தகைய உழைப்பு நிகழவில்லை. ஆங்கிலம் கற்ற தமிழர் கையில் கிடைத்தவை பெரிதும் ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்கு எழுதிய இலக்கணங்களும் அவற்றின் வழிவந்த நூல்களுமேயாகும். 1795இல் லிண்ட்லி முர்ரே எழுதிய இலக்கணம் சொற்களை ஒன்பது வகையாகப் பகுத்தது. அப்பகுப்பு இலத்தீன் மரபின் நிழலில் எழுந்தது. பின்வந்த பள்ளி நூல்கள் எட்டு வகை என்றன. பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்துக் கற்ற தமிழ் மாணவனுக்கு இவ்வெட்டும் தன் நான்கோடு எவ்வாறு உறவுடையன என்பதை அந்நூல்கள் விளக்கவில்லை. விளக்கும் கடப்பாடும் அவற்றுக்கில்லை.

1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகியோரின் உயர்நிலைப்பள்ளி இலக்கணம் இந்தியா முழுவதும் பரவிப் பல தலைமுறைகளின் இலக்கண அறிவை உருவாக்கியது. விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி என்னும் ஒழுங்கும், பயிற்சிகளின் மிகுதியும் அதன் சிறப்புகள். ஆயினும் பஞ்சாபியர்க்கும் வங்காளியர்க்கும் தமிழர்க்கும் ஒரே பயிற்சியைத் தருவது அதன் அமைப்பிலேயே உள்ள குறையாகும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கும் பயிற்சி இதற்குத் தக்க சான்று. பேச்சுத்தமிழில் 'படு' சேர்ந்த செயப்பாட்டு வினை அருகியே வழங்குகின்றது. செயப்பாட்டு வினையை எப்பொழுது ஆளவேண்டும் என்பதே தமிழ் மாணவன் அறியவேண்டுவது; அவனுக்குக் கிடைப்பதோ உருமாற்றும் விதி மட்டும். இதன் விளைவு ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. 'அவரால் இந்நூல் எழுதப்பட்டது' என்னும் பாங்கு தேவையற்ற இடங்களிலும் தமிழ் உரைநடையில் பெருகியமைக்கு இப்பயிற்சியும் ஒரு காரணமாகலாம்.

1950களில் சென்னை மாநிலத்தில் அமைப்புவழிப் பாடத்திட்டம் புகுந்தது. தொடரமைப்புகளை எளிமையிலிருந்து அருமை நோக்கி வரிசைப்படுத்தி, வாய்மொழியாகத் திரும்பத்திரும்பச் சொல்லவைப்பது அதன் முறை. மொழிபெயர்ப்பையும் தாய்மொழியையும் இயன்றவரை விலக்குவது அதன் கொள்கை. நாவுக்குப் பழக்கம் தந்தது அதன் ஆக்கம். மாணவன் உள்ளத்தில் தாய்மொழி தொடர்ந்து இயங்குவதைக் காணாதிருந்தது அதன் குறை.

இதற்கு மறுப்பாக எழுந்ததே என்.எஸ். பிரபுவின் திட்டம். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களின் பள்ளி வகுப்புகளில் அது நடத்தப்பெற்றது. இலக்கணப் பாடத்திட்டமே இன்றி, தொடர்வண்டி நேர அட்டவணை, வரைபடம், நாட்காட்டி ஆகியவற்றைக் கொண்டு எண்ணி விடைகாணும் பணிகளை மாணவர் செய்தனர். பொருளில் கருத்துச் செலுத்துகையில் இலக்கணம் தானே படியும் என்பது பிரபுவின் கொள்கை. உலக மொழிக்கல்வி அரங்கில் பேசப்பெறும் பணிவழிக் கற்பித்தலுக்கு முன்னோடியான முயற்சிகளுள் ஒன்று தென்னிந்திய வகுப்பறைகளில் நிகழ்ந்தது என்பது பெருமைக்குரியது. 1985இல் வெளியான மதிப்பீடு அத்திட்டத்திற்கு ஓரளவு ஆதரவளித்தது. எனினும் மாணவனின் தாய்மொழி அமைப்பை இலக்கணக் கருவியாகக் கொள்ளும் எண்ணம் இங்கும் இடம்பெறவில்லை.

எனவே விதிவழி, பழக்கவழி, பணிவழி ஆகிய மூன்றும் தம்முள் மாறுபட்டாலும் ஒன்றில் உடன்படுகின்றன. கற்பவன் கொண்டுவரும் இலக்கணத்தை அவை பயன்கொள்ளவில்லை.

இலக்கண ஒப்பீடு: ஐந்து இடங்கள்

தமிழ் இலக்கண அறிவு ஆங்கிலப் பயிற்சிக்கு எவ்வாறு துணையாகும் என்பதை ஐந்து இடங்களில் காணலாம். இவ்வைந்திலும் தெலுங்கு தமிழோடு ஒத்து நிற்பது தடா போன்ற இடத்தில் தனிப்பயன் உடையது.

முதலாவது, பெயர்ப்பயனிலை. 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் நிறைவுடைய தொடர். பெயரே பயனிலையாய் நிற்கின்றது. தெலுங்கிலும் அவ்வாறே. ஆங்கிலமோ 'இஸ்' என்னும் வினையின்றித் தொடரை முடிக்காது. 'ஹி டீச்சர்' எனத் தொடக்கநிலை மாணவன் கூறின், அது கவனக்குறைவு அன்று; தன் மொழியின் பெயர்ப்பயனிலையை அவன் வழுவின்றிப் பின்பற்றியதன் விளைவு. 'தமிழில் பெயர் பயனிலை கொள்ளும். ஆங்கிலத்தில் வினையே பயனிலைக்குத் தலைமை தாங்கும்' என ஒருமுறை உணர்த்துதல், நூறு முறை திருத்துதலினும் பயன்மிக்கது.

இரண்டாவது, நான்காம் வேற்றுமை. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு ஒரு தம்பி உண்டு' ஆகிய மூன்று தொடர்களிலும் 'கு' உருபு வருகின்றது. ஆங்கிலத்தில் இவை மூன்றும் 'ஐ' என்னும் எழுவாயைப் பெறுகின்றன. பயனிலைகளோ 'ஆம் ஹங்ரி', 'நோ', 'ஹேவ்' என வேறுபடுகின்றன. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் முறை என்பதும் ஒன்று. முறைப்பொருளில் வரும் 'கு' உருபை ஆங்கிலத்தில் 'ஹேவ்' ஏற்றுக்கொள்கின்றது எனக் காட்டின், மாணவனுக்கு நன்னூலும் விளங்கும், ஆங்கிலமும் விளங்கும். தெலுங்கர் 'நாகு' என்று தொடங்கும் இடங்கள் பலவும் தமிழர் 'எனக்கு' என்று தொடங்கும் இடங்களேயாதலின், ஒரே விளக்கம் இருவர்க்கும் போதுமானது.

மூன்றாவது, பெயரெச்சம். இதுவே ஒப்பீட்டின் உயிர்நிலை. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை வினைமுதல், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறாகப் பகுக்கின்றது நன்னூல். எழுதிய மாணவன், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய விடை என்பவற்றில் 'எழுதிய' என்னும் சொல் மாறாது நிற்கின்றது. உறவு மட்டும் மாறுகின்றது. அவ்வுறவைத் தமிழன் பெயரின் பொருளால் உணர்ந்துகொள்கின்றான். ஆங்கிலம் அவ்வுறவைச் சொல்லால் வெளிப்படுத்த முற்படுகின்றது. மாணவனுக்கு 'ஹூ', பேனாவுக்கு 'வித் விச்', அறைக்கு 'வேர்', நாளுக்கு 'வென்', விடைக்கு 'விச்' எனச் சொற்கள் வேறுபடுகின்றன. ஆங்கில இலக்கண நூல்களில் இவை தனித்தனி விதிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. நன்னூல் வகுத்த அறுபொருள் அட்டவணையின் எதிரே இவற்றை நிரல்பட வைத்தால், ஒரு பக்கத்தில் முழுப்பாடமும் அடங்கிவிடும். தெலுங்கின் 'வச்சின', தமிழின் 'வந்த' ஆகிய இரண்டும் ஒரே அமைப்பின என்பதால், இவ்வட்டவணை தெலுங்கு மாணவனுக்கும் பொருந்தும்.

நான்காவது, காலம். தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' என்பது வழக்கில் உள்ளது. 'இரு' என்னும் துணைவினை முடிந்த நிகழ்ச்சியின் விளைவையோ, அதனை உய்த்துணர்ந்தமையையோ காட்டும். இதனை ஆங்கிலத்தின் 'ஹேவ்' சேர்ந்த வினைக்கு நிகரெனக் கொள்ளும் மாணவன், 'எஸ்டர்டே' என்னும் சொல்லோடு அவ்வினையைச் சேர்த்துவிடுகின்றான். முடிந்துபோன நாளைக் குறிக்கும் சொல்லை அவ்வினை ஏலாது என்பது ஆங்கில மரபு. இருமொழியிலும் உருவம் ஒத்து, ஆட்சி மாறுபடும் இத்தகைய இடங்களே வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும் இடங்களைக் காட்டிலும் இடர் தருவன.

ஐந்தாவது, எதிர்மறை. 'நீ நேற்று வரவில்லையா?' என்னும் வினாவுக்குத் தமிழன் 'ஆமாம், வரவில்லை' என்கின்றான். கேட்டவன் கூற்றோடு உடன்படுவதை 'ஆமாம்' குறிக்கின்றது. தெலுங்கரும் அவ்வாறே கூறுவர். ஆங்கிலத்தில் விடைத்தொடர் எதிர்மறையாயின் முற்சொல்லும் எதிர்மறையாதல் வேண்டும். அங்கு 'நோ' என்பதே மரபு. 'எஸ்' எனத் தமிழ் இளைஞர் கூறும் விடை எதிர்ப்பொருளில் கொள்ளப்பெறக்கூடும். பணிக்கான நேர்காணலில் இதன் விளைவு சிறிதன்று.

எதிர்மறையில் இன்னொரு கூறும் உண்டு. 'தொட வேண்டாம்' என்னும் தமிழ்த்தொடர் தடையையும் குறிக்கும், தேவையின்மையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட்' தடை. 'நீட் நாட்' தேவையின்மை. முன்னதற்குக் 'கூடாது' என்பதும், பின்னதற்கு 'வேண்டியதில்லை' என்பதும் தமிழில் திட்டமான நிகர்கள். அவ்வாறே 'அன்லெஸ்' என்னும் சொல் தமிழின் 'அன்றி' என்பதற்கு நிகரானது. 'காப்பை மூடினாலன்றி எந்திரத்தை இயக்கற்க' என்பதும், 'காப்பை மூடாவிட்டால் எந்திரத்தை இயக்குக' என்பதும் எதிரெதிரானவை. 'அன்லெஸ்' என்பதற்கு 'இல்லாவிட்டால்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவன், முன்னே நிற்கும் எதிர்மறையை நோக்காது விடின், ஆலையின் எச்சரிக்கைப் பலகையைத் தலைகீழாகப் பொருள்கொள்ள இடமுண்டு. இலக்கணப் பிழை மதிப்பெண்ணை மட்டும் குறைக்கும் என்னும் எண்ணம் பள்ளிச் சுவருக்குள் பொருந்தலாம். எந்திரத்தின் முன் பொருந்தாது.

தமிழும் தெலுங்கும் எல்லா இடங்களிலும் ஒத்து நிற்பன அல்ல. 'வந்தாள்', 'வந்தது' எனத் தமிழ் பிரித்துக் காட்டுவதைத் தெலுங்கு ஒருமையில் 'வச்சிந்தி' என ஒரே முற்றால் கூறுகின்றது. ஆங்கில வினையோ ஆண், பெண், அஃறிணை மூன்றையும் வேறுபடுத்துவதில்லை. திணை, பால் உணர்த்தும் பொறுப்பு அங்குப் பதிற்பெயரையே சார்கின்றது. வினைமுற்றின் ஈற்றிலேயே பால் உணர்ந்து பழகிய தமிழ் மாணவன், 'ஹி', 'ஷி' ஆகியவற்றை விடாது கூறப் பயிலவேண்டும். மறுபுறம், 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாட்டைத் தெலுங்கும் 'மனமு', 'மேமு' எனப் போற்றுகின்றது. ஆங்கிலத்தின் 'வி' அவ்வேறுபாட்டை அறியாது. ஒவ்வொரு மொழியும் எதனைச் சொல்லியே தீரவேண்டும், எதனைச் சொல்லாது விடலாம் என்னும் இவ்வுணர்வே மொழியறிவின் பயனாகும்.

சொற்பயிற்சி

இலக்கணப் பயிற்சியில் கண்ட குறை சொற்பயிற்சியிலும் உள்ளது. அகரவரிசையில் சொற்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப்பொருள் தந்து மனப்பாடம் செய்விப்பது பரவலான முறை. மைக்கேல் வெஸ்ட் 1920களில் வங்காளத்துப் பள்ளிகளில் பெற்ற பட்டறிவின்வழி இதற்கு மாற்றுக் கண்டார். மிகுதியாக வழங்கும் சொற்களை முதலில் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1953இல் வெளிவந்த அவரது பொதுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்டது. இது பெரும் முன்னேற்றமே. எனினும் ஒரு சொல்லோடு ஒரு சொல்லுக்குரிய உறவைப் பட்டியல் காட்டாது.

தமிழரிடம் இதற்கென ஒரு மரபு இருந்தது. அதுவே நிகண்டு. திவாகரம் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனப் பொருள்வகையால் தொகுத்தது; ஒருசொல் பல்பொருளுக்குத் தனித்தொகுதி வகுத்தது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு மனப்பாடப் பாடமாக இருந்தது. மனப்பாடம் என்பதற்காக அதனை ஒதுக்கியவர்கள், அதன் உள்ளமைப்பாகிய பொருட்புலப் பகுப்பையும் உடன் ஒதுக்கிவிட்டனர். 'ரன்' என்னும் ஆங்கிலச் சொல் ஓடுதல், எந்திரத்தை இயக்குதல், நிறுவனத்தை நடத்துதல், நீர் ஒழுகுதல் எனப் பல பொருள்பட வருவதை ஒருசொல் பல்பொருட்பெயர் என்னும் தலைப்பில் கற்பித்தல் தமிழ் மாணவனுக்கு அயன்மையானதன்று.

கடன்சொற்கள் தனிக்கருத்துக்குரியன. ஆங்கிலம் கல்லாதவரும் ஆளும் ஆங்கிலச் சொற்கள் தமிழில் பல உள. அவை பொருள் குறுகியோ திரிந்தோ வழங்குகின்றன. 'ஹோட்டல்' தமிழில் பெரும்பாலும் உண்ணுமிடம், ஆங்கிலத்தில் தங்குமிடம். 'கரண்ட்' தமிழில் மின்சாரம் மட்டும். ஆங்கிலத்தில் நீரோட்டமும் நடப்பும் ஆம். 'ஷிஃப்ட்' தமிழில் முறைவேலை. ஆங்கிலத்தில் இடம்பெயர்த்தல் என்னும் வினையும் ஆம். ஆலையில் பணிபுரியும் இளைஞன் இச்சொற்களை அறிந்தவை எனவே கருதி வாசிக்கின்றான். பொருள் பொருந்தாதபொழுது தடுமாறுகின்றான். அறியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவான். அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்குப் புரட்டமாட்டான். ஆதலின் தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்களை அவற்றின் மூலப்பொருளோடு ஒப்பிட்டுத் தொகுக்கும் சிற்றகராதி ஒன்று முதற்கண் வேண்டப்பெறுகின்றது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லின் பிறப்பிடம் நோக்கியும் பகுத்த இலக்கண மரபினர்க்கு இப்பணி புதியதன்று.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். ஆங்கில வகுப்பில் தமிழைப் புகுத்தின் ஆங்கிலம் கேட்கும் நேரம் குறையும் என்பது முதல் மறுப்பு. இது நியாயமுடையது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேளாத மாணவனுக்கு வகுப்பறை நேரம் அரிதானது. எனவே ஒப்பீட்டு விளக்கம் சுருக்கமாக அமையவேண்டும். பயிற்சி ஆங்கிலத்திலேயே நிகழவேண்டும். விளக்கத்தின் பெரும்பகுதியைத் தமிழ் வகுப்பிலேயே தருதல் இதனினும் நன்று.

பிழைகளுக்கெல்லாம் தாய்மொழியே காரணமன்று என்பது இரண்டாம் மறுப்பு. ராபர்ட் லாடோ 1957இல் இருமொழி ஒப்பீட்டின்வழி இடர்களை முன்னுரைக்கலாம் என்றார். கார்டர் 1967இல் வெளியிட்ட கட்டுரை, பிழைகளைக் கற்பவன் உள்ளத்தில் நிகழும் வளர்ச்சியின் அடையாளமாக நோக்கியது. 'கோ' என்னும் வினையின் இறந்தகாலத்தைக் 'கோட்' எனக் கூறுவது ஆங்கிலக் குழந்தையிடமும் காணப்பெறுகின்றது. அதற்குத் தமிழ் பொறுப்பாகாது. இதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் மேலே கண்ட ஐந்து இடங்களில் கற்பவனின் மொழியமைப்பும் பிழையின் வடிவமும் பொருந்திவருவது தெளிவு. ஒப்பீடு எல்லாப் பிழைக்கும் மருந்தன்று. குறிப்பிட்ட சில பிழைகளுக்கு அதுவே நேரிய மருந்து.

தமிழ் இலக்கணமே மாணவர்க்குக் கடினமாயிருக்க, அதனைக்கொண்டு ஆங்கிலத்தை விளக்குவது எங்ஙனம் என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே கூர்மையானது. பெயரெச்சம் என்னும் பெயரை அறியாத மாணவனிடம் அறுபொருள் அட்டவணை பயன்படாது. ஆனால் அம்மாணவன் பெயரெச்சத்தை ஒவ்வொரு நாளும் பிழையின்றி ஆள்கின்றான். அவனிடம் இல்லாதது அறிவன்று, அவ்வறிவுக்குரிய பெயர். ஆங்கிலத்தோடு ஒப்பிடும்பொழுதுதான் தன் மொழியில் அப்படியோர் அமைப்பு உண்டு என்பதே அவனுக்குப் புலப்படுகின்றது. ஆங்கிலப் பயிற்சி இவ்வகையில் தமிழ் இலக்கணத்தை உயிர்ப்பிக்கும் வாயிலாகவும் அமையக்கூடும்.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியருள் ஒருவராக விளங்கிய சி.வை. தாமோதரம்பிள்ளையே 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் பதிப்பித்தவர். இருமொழிக் கல்வி அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. ஒரு மொழியில் பெற்ற ஒழுங்கு மற்றொன்றுக்குத் துணையாயிற்று எனக் கருதுவதே பொருத்தம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. ஐரோப்பியர் தமிழும் தெலுங்கும் கற்கையில், தம் மொழிக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்து நூல் செய்தனர். தமிழர் ஆங்கிலம் கற்கையில் அத்தகைய ஆராய்ச்சி பாடநூலாக வடிவம் பெறவில்லை.

2. விதிவழி, பழக்கவழி, பணிவழி ஆகிய மூன்று முறைகளும் தத்தம் ஆக்கங்களை உடையன. கற்பவனின் தாய்மொழி இலக்கணத்தைக் கருவியாகக் கொள்ளாமை மூன்றுக்கும் பொதுவான குறை.

3. பெயர்ப்பயனிலை, நான்காம் வேற்றுமை, பெயரெச்சம், காலம், எதிர்மறை ஆகியவற்றில் தமிழ் இலக்கணக் கருத்துகள் ஆங்கிலப் பயிற்சியைச் செம்மைப்படுத்த வல்லன. சொற்பயிற்சியில் நிகண்டின் பொருட்பகுப்பும் கடன்சொல் ஆராய்ச்சியும் அவ்வாறே பயன்தருவன.

4. இவ்விடங்களில் தெலுங்கும் தமிழும் பெரிதும் ஒத்திருத்தலின், தடா போன்ற எல்லைப்பகுதிகளில் இருமொழி மாணவர்க்கும் ஒரே ஒப்பீட்டுப் பாடநூல் அமைத்தல் இயலும். தமிழ், தெலுங்குத் துறைகள் கூடிச் செய்யத்தக்க பணி இது.

எல்லிசின் குறிப்பு அச்சேறி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. தமிழும் தெலுங்கும் ஒருகுடிப் பிறந்தவை என்னும் அவ்வறிவால் முதலில் பயன்பெற்றவர் கும்பினி அலுவலர். அதே அறிவு தடாவின் வகுப்பறையில் அருகருகே அமரும் தமிழ்ப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் பயன்படும்வண்ணம் நூலாக வேண்டும். ஆங்கில இலக்கணம் ஆங்கிலத் துறையின் எல்லைக்குட்பட்டது எனத் தமிழ்த் துறைகள் ஒதுங்கியிருக்குமாயின், நன்னூல் தேர்வுக்குரிய நூலாக மட்டுமே எஞ்சும். ஆங்கிலமும் விளங்காத விதிகளின் தொகுப்பாகவே அப்பிள்ளைகளுக்குத் தோன்றும்.